மாற விரும்பியும் மாற மறுக்கும் மனம்: படிப்படியான முழு வழிகாட்டி

என் சின்னம்மா இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் கொழுந்து எடுத்தவர். ஓய்வு பெறுவதற்கு ஓராண்டு இருந்தபோது, காரமான கறி பட்டாலே வாய் எரிகிறது என்றும், கொட்டாவி விடும்போது வாய் முழுதாகத் திறக்கவில்லை என்றும் சொன்னார். பல் வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன். அவர் சின்னம்மாவின் கன்னத்தை உட்புறமாக விரலால் தடவிப் பார்த்துவிட்டு, தோல் இறுகி நார் போலாகி வருகிறது, இது பாக்கினால் வருவது, வெற்றிலை போடுவதைத் தொடர்ந்தால் புற்றுநோயில் கொண்டுபோய் விட்டுவிடும் என்று பொறுமையாக விளக்கினார். அன்று மாலையே சின்னம்மா தம் வெற்றிலைப் பையை அடுப்பில் போட்டு எரித்தார். நான்காம் நாள் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போகும்போது அவருடைய இடுப்பில் புதிய பையொன்று செருகப்பட்டிருந்தது.

அவருக்கு விவரம் தெரியாமலில்லை. புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004 இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அந்த அறிக்கையைச் சின்னம்மா அறியாவிட்டாலும், வாய்ப் புற்றுநோயில் இறந்த இரண்டு பேரை அவர் தம்முடைய லயத்திலேயே, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையிலேயே, பார்த்திருந்தார். பயமும் இருந்தது, விருப்பமும் இருந்தது. ஆனாலும் அவருக்குள் ஏதோ ஒன்று மறுத்தது. அந்த மறுப்பைச் சோம்பல் என்றும் மனவுறுதிக் குறைவு என்றும் நாம் எளிதாகப் பெயரிட்டு விடுகிறோம். அந்தப் பெயர்கள் பிழையானவை என்பதே என்னுடைய உறுதியான எண்ணம். உள்ளெதிர்ப்பு எதையோ காவல் காக்கிறது. அது எதைக் காக்கிறது என்று கேட்டறிந்து, அந்தப் பொருளுக்கு வேறு பாதுகாப்பு ஏற்பாடு செய்து கொடுத்தால், அது தானாகவே கொஞ்சம் வழிவிடுகிறது. கீழே எழுதியிருக்கும் படிகள் அனைத்தும் இந்த ஓர் எண்ணத்திலிருந்தே வருகின்றன. சின்னம்மாவோடு நடந்தவற்றையும், தோட்டப் பாடசாலை ஆசிரியனாகிய நான் நாற்பது வயதுக்கு மேல் சிங்களம் பேசக் கற்றபோது என்னோடு நான் போராடியதையும் எடுத்துக்காட்டுகளாகத் தருகிறேன்.

இதற்கு ஒரு நாற்பது பக்க அப்பியாசக் கொப்பியும் ஒரு பேனையும் வேண்டும். எழுதப் பழக்கமில்லாதவர்கள் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி எழுதச் சொல்லலாம். சின்னம்மா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். முழு வேலைக்கும் மூன்று மாதமாவது ஒதுக்கிக் கொள்ளுங்கள்.

முதற் படி: இந்த மாற்றம் யாருடையது?

கொப்பியின் முதற் பக்கத்தில் நீங்கள் விரும்பும் மாற்றத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "நல்லபடியாக வாழ வேண்டும்" என்பது போன்ற வாக்கியம் உதவாது, ஏனெனில் அதை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எப்படிச் செய்வது என்று எவருக்கும் தெரியாது. "பாக்கும் புகையிலையும் வாயில் போடுவதை நிறுத்துவேன்", "சந்தையில் சிங்களத்தில் பேசி முடிப்பேன்", "சம்பளம் கைக்கு வந்த அன்றே சீட்டுக்காசைத் தனியே எடுத்து வைப்பேன்" என்ற அளவுக்கு அது கண்ணுக்குத் தெரிவதாக இருக்க வேண்டும்.

அதன் கீழே, இதை யார் விரும்புகிறார்கள் என்று எழுதுங்கள். இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் 1966 இல் விளக்கிய ஓர் உண்மை இங்கே பயன்படும்: தன்னுடைய சுதந்திரத்தை ஒருவர் பறிக்க வருகிறார் என்று உணரும் மனிதர், சொல்லப்பட்டது நல்லதே என்றாலும் அதற்கு எதிர்த்திசையில் இழுக்கிறார். சின்னம்மா பையை எரித்த அந்த மூன்று நாளும் நான் காலையிலும் மாலையிலும் தொலைபேசியில் அழைத்து, "போட்டீங்களா, போடலையா?" என்று விசாரித்துக்கொண்டே இருந்தேன். நான்காம் நாள் அவர் போட்ட வெற்றிலையில் ஒரு பங்கு எனக்கான பதில் என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன். மேற்பார்வையிலேயே வாழ்ந்தவர்களுக்கு, அதாவது கங்காணியின் குரலுக்கும் கணக்கப்பிள்ளையின் கொப்பிக்கும் காலமெல்லாம் பதில் சொன்னவர்களுக்கு, வீட்டுக்குள்ளும் ஒரு மேற்பார்வையாளர் முளைத்தால் அது எவ்வளவு கசக்கும் என்று நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

மாற்றம் முழுவதும் பிறருடைய விருப்பமாக இருந்தால், அதை அப்படியே எழுதி வைத்துவிட்டு, அதில் உங்களுக்கென்று விருப்பமான ஒரு சிறு பகுதியாவது உண்டா என்று தேடுங்கள். சின்னம்மா இரண்டு நாள் யோசித்துவிட்டு, "பேத்தி கல்யாணத்துல வாய நல்லா திறந்து சாப்பிடணும் தம்பி" என்றார். முதற் பக்கத்தில் அதைத்தான் எழுதினோம்.

இரண்டாம் படி: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் கவனித்தல்

ஏழு நாட்களுக்கு எந்த முயற்சியும் செய்யாதீர்கள். பழைய வழக்கம் நடக்கும் ஒவ்வொரு முறையும், அல்லது புதிய செயலைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு முறையும், நேரம், இடம், உடன் இருந்தவர்கள், உடலில் உணர்ந்தது, மனத்தில் ஓடிய வாக்கியம் ஆகிய ஐந்தையும் குறித்து வையுங்கள்.

கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். உள்ளெதிர்ப்பு பெரும்பாலும் நியாயமான வாக்கியத்தின் உருவத்தில்தான் வரும். "தீபாவளி முடியட்டும்", "மழை விடட்டும்", "பிள்ளையின் சோதனை முடியட்டும்", "நம்ம வயசுக்கு இனி எதுக்கு?" இவற்றில் ஒவ்வொன்றும் ஒரு நாள் உண்மையாக இருக்கலாம். ஒரே வாக்கியம் வெவ்வேறு காரணங்களோடு ஏழு நாளும் திரும்பி வந்தால், அது காரணம் சொல்வதாகத் தோன்றினாலும் உண்மையில் வாசலை மறித்து நிற்கிறது என்று புரிந்துகொள்ளலாம். என்னுடைய கொப்பியில் "முதலில் இலக்கணத்தை ஒழுங்காகப் படித்துவிட்டுப் பேசலாம்" என்ற வாக்கியம் அந்த ஒரு வாரத்தில் ஐந்து முறை வந்திருந்தது. ஆசிரியனுக்குப் பொருத்தமான, மிகவும் மரியாதையான மறுப்பு அது.

உடலைக் குறித்து வைப்பதும் வீணாகாது. புகையிலையில் நிக்கோட்டின் இருக்கிறது. அதை நிறுத்தியவருக்கு முதற் சில நாட்களில் எரிச்சலும் தூக்கமின்மையும் தலைவலியும் கூடுதலாக இருக்கும். பின்னர் அவை வாரக்கணக்கில் மெல்லத் தணியும். சின்னம்மாவின் நான்காம் நாள் தோல்வியில் என் தொலைபேசி அழைப்புகளுக்கு ஒரு பங்கு இருந்தது போலவே இதற்கும் ஒரு பங்கு இருந்தது. உடல் கேட்கும் கேள்விக்கு அறிவுரையில் பதில் இல்லை.

மூன்றாம் படி: மாறாமல் இருப்பதன் நன்மைகளை நேர்மையாக எழுதுதல்

பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரியுங்கள். இடப்புறம் மாறினால் கிடைக்கும் நன்மைகள். அதை எல்லோரும் விரைவாக எழுதிவிடுவார்கள். வலப்புறம், இப்போது இருப்பது போலவே இருப்பதால் கிடைக்கும் நன்மைகள். இந்தப் பக்கத்துக்குத்தான் அரை மணி நேரமாவது செலவிட வேண்டும். குறைந்தது ஆறு வரிகள் வரும்வரை பேனையை வைக்காதீர்கள்.

சின்னம்மாவிடம் நான், "வெற்றிலை உங்களுக்கு என்ன நல்லது செஞ்சுச்சு?" என்று கேட்டபோது அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். அதுவரை எவரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. பிறகு சொல்லத் தொடங்கினார். விடியற்காலைக் குளிரில், கம்பளி நனைந்து பாரமாகி, விரல்கள் விறைத்துப்போயிருக்கும்போது வாயில் ஒரு சூடு. காலையில் அரை ரொட்டியோடு மலைக்குப் போனவருக்குப் பகல்வரை பசி தெரியாது. காலில் அட்டை கடித்தால் அந்த இடத்தில் பூசச் சுண்ணாம்பு கையோடு இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, எடுத்த கொழுந்தை எடை போட்டுவிட்டு ஐந்து நிமிடம் உட்காரும்போது ஒருவர் பை மற்றவருக்கு நீளும். கோபத்தில் பேசாமல் இருந்த இருவர் அந்த வெற்றிலையில்தான் மீண்டும் பேசிக்கொள்வார்கள். "வெத்தல இல்லாட்டி அந்தக் கூட்டத்துல நான் யாரு தம்பி?" என்று அவர் கேட்டார்.

அந்தக் கேள்வியை எழுதி முடித்தபோதுதான் நாங்கள் எதனோடு பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்குத் தெளிவாகியது. பல் வைத்தியர் காட்டிய ஆபத்து எதிர்காலத்தில் இருந்தது. இந்த இழப்புகள் அனைத்தும் மறுநாள் காலையே வரவிருந்தன. மனித மனம் ஓர் இலாபத்தைக் காட்டிலும் அதே அளவான இழப்பைக் கூடுதல் பாரமாக எடைபோடுகிறது என்று டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979 இல் எடுத்துக்காட்டினார்கள். அந்த இழப்பு நாளைக்கே வருவதாகவும் இலாபம் ஆண்டுகள் கழித்து வருவதாகவும் இருந்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மாற விரும்புவதும் விரும்பாததும் ஒரே நேரத்தில் ஒரே மனத்தில் இருப்பது இயல்பு. வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் மதுப் பழக்கமுள்ளவர்களோடு பேசும் முறையொன்றை இந்த இயல்பின் மீதே கட்டினார். அதில் நான் கற்றுக்கொண்டது ஒன்று: இரு மனமாக இருப்பவரிடம் நீங்கள் மாற்றத்தின் பக்கம் நின்று வாதிட்டால், அவர் மறுபக்கம் நின்று வாதிட வேண்டியவராகிறார், தம் வாயால் சொன்ன வாதத்தையே அவர் பின்னர் நம்பவும் தொடங்குகிறார். நம்மோடு நாம் பேசும்போதும் இது பொருந்தும். நம்மை நாமே திட்டும் ஒவ்வொரு முறையும் நமக்குள் இருக்கும் மறுப்பாளர் புதிய வாதமொன்றைக் கண்டுபிடிக்கிறார்.

நான்காம் படி: காவலாளி எதைக் காக்கிறார்?

இந்தப் படி கடினமானது. அவசரப்பட்டால் வெறும் சொற்களாக முடிந்துவிடும். ராபர்ட் கீகன், லீசா லாஹி ஆகிய இரு அமெரிக்கக் கல்வியாளர்கள் உருவாக்கிய நான்கு பத்திக் கேள்வி முறையை நான் எனக்குப் பொருந்தும்படி பயன்படுத்தினேன். ஒரு பக்கத்தில் நான்கு பத்திகள் வரைந்து இவற்றை வரிசையாக நிரப்ப வேண்டும்: நான் விரும்பும் மாற்றம்; அதற்கு எதிராக நான் உண்மையில் செய்வது; அப்படிச் செய்யாமல் விட்டால் எனக்கு வரும் அச்சமும், அந்த அச்சத்திலிருந்து என்னைக் காக்க நான் மறைவாக ஏற்றிருக்கும் உறுதியும்; அந்த உறுதிக்கு அடியில் நான் உண்மை என்று எடுத்துக்கொண்டிருக்கும் நம்பிக்கை.

என் பக்கத்தை அப்படியே தருகிறேன். முதற் பத்தியில், சந்தையிலும் பேருந்திலும் சிங்களத்தில் பேசுவேன் என்று எழுதினேன். இரண்டாவதில், சிங்களம் தெரிந்த நண்பரை முன்னே விட்டு நான் பின்னால் நிற்கிறேன், விலை கேட்காமல் சொன்ன காசைக் கொடுத்துவிடுகிறேன், அடிப்படைப் புத்தகங்களையே திரும்பத் திரும்ப வாசிக்கிறேன் என்று எழுதினேன். மூன்றாவது பத்தி நான்கு நாட்கள் வெறுமையாகவே இருந்தது. ஐந்தாம் நாள் இரவு, பன்னிரண்டு வயதில் அப்பாவோடு ஓர் அலுவலகத்துக்குச் சென்றது நினைவுக்கு வந்தது. அப்பா ஒரு சொல்லைப் பிழையாகச் சொன்னார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லிப் பக்கத்து மேசையைப் பார்த்துச் சிரித்தார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சிரித்த அந்தச் சிரிப்பை என்னால் இன்றும் பார்க்க முடிகிறது. "அப்படி ஒருபோதும் நிற்கமாட்டேன்" என்பதே நான் மறைவாக ஏற்றிருந்த உறுதி. நான்காம் பத்தியில், "பிழையாகப் பேசுகிறவன் மரியாதை இழக்கிறான்" என்று எழுதினேன்.

இருபத்தெட்டு ஆண்டுகளாக என்னைப் பேசவிடாமல் தடுத்தது சோம்பல் இல்லை என்று அந்த இரவு தெரிந்துகொண்டேன். ஒரு சிறுவன் தன் அப்பாவின் மானத்தைக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறான். அவனைத் திட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. அரச அலுவலகத்தில் தமிழில் பேசும் உரிமை எனக்கு உண்டு, அதை நான் விட்டுக்கொடுப்பதில்லை. நான் கற்க விரும்பியது என் சொந்த ஊரில் எல்லோரோடும் பேசுவதற்காகத்தான் என்பதையும் அவனுக்காகவே கொப்பியில் எழுதி வைத்தேன்.

நம் அச்சங்களுக்குப் பின்னால் இருக்கும் வரலாறு

இங்கே சற்று நின்று, தோட்ட வேலைக்கென்று இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த மலையகத்தாருக்கென்று ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. "இருக்கிறதையும் இழந்துவிடுவோம்" என்ற அச்சம் நம் வீடுகளில் மற்ற இடங்களைவிட ஆழமாக இருக்கிறது என்றால், அதற்குக் காரணம் உண்டு. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், ஏறக்குறைய 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, மீதி 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வதாக விட்டுவைத்தது. எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது.

என் தாத்தாவின் கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டி ஒன்று இருந்தது. தலைமன்னாரில் கப்பலேறச் சொல்லிக் கடிதம் வந்தால் உடனே புறப்படுவதற்காக இரண்டு வேட்டிகளும் ஒரு கம்பளியும் பத்திரங்களும் அதில் அடுக்கப்பட்டிருந்தன. கடிதம் வரவேயில்லை; அவர் இறக்கும்வரை பெட்டியும் பிரிக்கப்படவில்லை. வீட்டுக்கு முன்னால் ஒரு மரம்கூட நடமாட்டார். "நாளைக்கு யாருக்கோ" என்பார். அவருடைய பிள்ளைகள் எதையும் தங்கள் பெயரில் எழுதத் தயங்கினார்கள். பேரப்பிள்ளைகளாகிய நாங்கள் புதிய வேலைக்கு விண்ணப்பிக்கத் தயங்கினோம். அச்சத்துக்குக் காரணமான நிலைமை போன பிறகும் அச்சம் பெட்டியைப் போலக் கட்டிலுக்கு அடியிலேயே இருந்துவிடுகிறது.

ஆகவே நான்காம் படியில் வெளிப்பட்ட அச்சத்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு காலத்தில் உண்மையாக இருந்து இன்று மாறிவிட்டது எது, இன்றும் உண்மையாகவே இருப்பது எது? தோட்ட வேலையை விட்டு நகரத்தில் தையல் வேலைக்குப் போக நினைக்கும் ஒருவருக்கு, குடும்பத்தில் எவரும் தோட்டத்தில் வேலைக்குப் பெயர் போடாவிட்டால் லயத்து வீட்டில் இருக்க விடுவார்களா என்ற கேள்வி வெறும் மனத்தடை ஆகாது. அது கேட்டறிந்து தீர்க்க வேண்டிய நடைமுறைச் சிக்கல். அதை "உங்கள் மனம்தான் தடுக்கிறது" என்று சொல்லிப் புறந்தள்ளும் அறிவுரையாளர்கள் மீது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

ஐந்தாம் படி: நம்பிக்கையைச் சிறிய அளவில் சோதித்தல்

நான்காம் பத்தியில் எழுதிய நம்பிக்கை உண்மையா என்று பார்க்க ஒரு சோதனை செய்யுங்கள். தோற்றாலும் பெரிய சேதம் வராத அளவுக்கு அது சிறியதாக இருக்க வேண்டும்; என்ன நடக்கும் என்று நீங்கள் எதிர்பார்ப்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்; நடந்ததை அன்றே எழுத வேண்டும்.

நான் நுவரெலியாச் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் லீக்ஸ் விலை கேட்பது என்று முடிவு செய்தேன். "சிரிப்பார், அல்லது முகத்தைச் சுளிப்பார்" என்று முதல் நாள் இரவே எழுதினேன். மறுநாள் கேட்டேன். எண்ணைப் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்பது சொன்ன உடனேயே எனக்குத் தெரிந்தது. கடைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தமிழில், "கிலோ எவ்வளவு வேணும் ஐயா, நல்லது தாறது" என்றார். அவருடைய தமிழும் என்னுடைய சிங்களத்தைப் போலவே தடுமாறித்தான் வந்தது. நாங்கள் இருவரும் ஒருவருடைய மொழியில் மற்றவர் பேசி அந்த வியாபாரத்தை முடித்தோம். ஒரு சோதனை ஒன்றையும் நிரூபித்துவிடாது என்பதால் பத்து முறை செய்தேன். ஒருவர் சிரித்தார். அதை நான் தாங்கிக்கொண்டேன் என்பதும் கொப்பியில் இருக்கிறது.

ஆறாம் படி: தள்ளுவதைக் குறைத்துத் தடையை எடுத்தல்

குர்ட் லெவின் என்ற உளவியலாளர் 1940களில் ஒரு பயனுள்ள கருத்தை முன்வைத்தார். ஒரு பழக்கம் ஒரே நிலையில் நிற்பது, முன்னே தள்ளும் விசைகளும் பின்னே பிடிக்கும் விசைகளும் சமமாக இருப்பதால்தான். முன்னே தள்ளுவதைக் கூட்டினால் நகர்வு ஏற்படலாம், ஆனால் இழுபறியும் கூடும். பின்னே பிடிப்பதைக் குறைத்தால் இழுபறி இல்லாமலே நகர்வு வரும். மூன்றாம் படியில் நீங்கள் எழுதிய வலப்பக்கம் இப்போது வேலைப் பட்டியலாகிறது.

சின்னம்மாவின் பட்டியலில் பசியை முதலில் எடுத்தோம். பகல் சாப்பாட்டு நேரம்வரை காத்திருக்காமல், பத்து மணிக்குச் சாப்பிட ஒரு முழு ரொட்டியைத் தனியாகக் கட்டிக்கொண்டு போனார். குளிருக்குச் சிறிய சுடுதண்ணீர்ப் போத்தலில் தேத்தண்ணி கொண்டு போனார். சுண்ணாம்பு அட்டைக்காக மட்டும் ஒரு சிறு டப்பாவில் இடம் மாறியது. கூட்டத்தில் தமக்கான இடம் என்ற கடைசிப் பொருளை மட்டும் எப்படிப் பாதுகாப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அதற்கான வழி கவ்வாத்தை நினைத்தபோது கிடைத்தது. என் அப்பா கவ்வாத்து வெட்டியவர். தேயிலைச் செடியை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, மலையின் உயரத்தைப் பொறுத்து, கத்தியால் வெட்டிக் கட்டையாக்குவார்கள். வெட்டுவதற்கு முன் பென்சில் தடிப்பான வேரொன்றைத் தோண்டி எடுத்து, குறுக்கே வெட்டி, அந்த வெட்டில் அயடீன் துளி விட்டுப் பார்ப்பார்கள். வேர் கருநீலமாக மாறினால் உள்ளே மாச்சத்துச் சேர்ந்திருக்கிறது, செடி வெட்டைத் தாங்கும். நிறம் வெளிறியிருந்தால் அந்த மலையை ஓய்வுக்கு விட்டுவிட்டுப் பிறகு வெட்டுவார்கள். எல்லாக் கிளைகளையும் ஒரே நாளில் எடுத்துவிடாமல், இலையோடு ஓரிரு கிளைகளை விட்டுவைக்கும் முறையும் உண்டு. புதிய துளிர் வரும்வரை செடி அந்த இலைகளால்தான் உயிர் பிடித்திருக்கும். துளிர் வந்த பிறகு அந்தக் கிளைகளையும் வெட்டுவார்கள். சிறுவனாக நான் கேட்டபோது, அப்பா அந்த ஒற்றைக் கிளையைக் கையால் நிமிர்த்திக் காட்டி, "இது மூச்சு விடுறதுக்கு" என்றார்.

ஆகவே தொடங்கும் நாளைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் வேரைப் பாருங்கள். நோய், மரணம், கடன் தவணை, தூக்கமற்ற இரவுகள் என்று சத்து வற்றியிருக்கும் மாதத்தில் பெரிய வெட்டுக்குப் போகாதீர்கள்; நாள் குறித்து ஒத்திவையுங்கள். நாள் குறிக்காத ஒத்திவைப்பு மட்டும்தான் ஏமாற்று. அடுத்து, எந்தக் கிளையை விட்டுவைப்பது என்று முடிவு செய்யுங்கள். பாக்கில் விட்டுவைக்க எதுவுமில்லை, வைத்தியர் முழுதாக நிறுத்தச் சொல்லியிருந்தார். ஆனால் பையை எரித்ததுதான் எங்கள் பிழை, விட்டுவைக்க வேண்டிய கிளை அந்தப் பைதான் என்று அப்போது தெரிந்தது.

ஏழாம் படி: நேரமும் இடமும் குறித்த திட்டம்

பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளரின் ஆய்வுகள் காட்டுவது எளிமையானது: "செய்வேன்" என்று மட்டும் உறுதி கொள்பவர்களைவிட, "இன்ன இடத்தில் இன்னது நேர்ந்தால் இதைச் செய்வேன்" என்று முன்பே முடிவு செய்து வைப்பவர்கள் அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள். அந்தக் கணத்தில் யோசிக்க வேண்டிய தேவை இல்லாமல் போவதே காரணம்.

சின்னம்மாவுக்கு இரண்டு வாக்கியங்கள் போதுமாக இருந்தன. "கொழுந்தை எடை போட்டுவிட்டு உட்காரும்போது என் பையிலிருந்து வறுத்த பெருஞ்சீரகத்தை எடுத்து எல்லோருக்கும் நீட்டுவேன்." "யாராவது வெற்றிலை நீட்டினால் மறுக்காமல் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் மாமியிடம் கொடுப்பேன்." நீட்டிய வெற்றிலையை மறுப்பது அவமதிப்பு என்பதால் இரண்டாவது வாக்கியம் இல்லாமல் முதலாவது நின்றிருக்காது. மூன்றுக்கு மேற்பட்ட திட்டங்களை ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

எட்டாம் படி: லயத்துக்குள் மாறுதல்

ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடும்பங்கள் இருக்கும் இடத்தில் எவருக்கும் தெரியாமல் மாற முடியாது. எல்லோரிடமும் அறிவிப்பதும் நல்லதில்லை, முதல் சறுக்கலே ஊர்ப் பேச்சாகிவிடும். ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்து, என்ன உதவி வேண்டும் என்றும் என்ன உதவி வேண்டாம் என்றும் தெளிவாகச் சொல்லுங்கள். சின்னம்மா என்னிடம் சொன்னது: "ஞாயித்துக்கிழமை மட்டும் கேளு தம்பி. மத்த நாள்ல வேற கதை பேசு." அதை நான் கடைப்பிடித்தேன்.

ஒன்பதாம் படி: சறுக்கலை எழுதி வைத்தல்

இருபத்தாறாம் நாள் இரவு தோட்டத்தில் காமன் கூத்து. மாசிக் குளிரில் விடிய விடியக் கண்விழிப்பு, தப்பு முழக்கம், பக்கத்தில் சிறு வயதுத் தோழிகள். சின்னம்மா வெற்றிலை போட்டார். மறுநாள் காலையில், "போட்டாச்சு, இனி என்ன" என்று மேலும் நான்கு முறை போட்டார். முதலாவது சறுக்கல், அடுத்த நான்கும் வேறொன்று. அலன் மார்லட் என்ற ஆய்வாளர் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார்: ஒருமுறை தவறியதைத் தம் குணத்தின் தோல்வியாக எடுத்துக்கொள்பவரே முழுதாகத் திரும்பிப் போகிறார்.

சறுக்கிய அன்றே மூன்று வரிகள் எழுதுங்கள்: அதற்கு முந்திய மூன்று மணி நேரத்தில் நடந்தது என்ன, எந்தத் திட்டத்தில் அந்த நிலைமை இடம்பெறவில்லை, அடுத்த முறைக்கான வாக்கியம் என்ன? எங்கள் திட்டம் மலைக்கு மட்டுமே போடப்பட்டிருந்தது. இரவுக்கும் திருவிழாவுக்கும் ஒன்றுமே இல்லை. அதைச் சேர்த்தோம்.

எவ்வளவு நாள் ஆகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பிலிப்பா லாலி என்பவரும் அவருடைய குழுவினரும் லண்டனில் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010 இல் வெளியிட்ட ஆய்வில், எளிய அன்றாடச் செயலொன்று தானாக நடக்கும் வழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாட்களும், ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாட்கள் வரையும் ஆனதாகக் கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பைச் செய்யவில்லை. அது தண்ணீர் குடிப்பது, உடற்பயிற்சி செய்வது போன்ற புதிய செயல்களைப் பற்றிய ஆய்வு; அடிமைப்படுத்தும் பொருளொன்றை விடுவதற்கு அந்த எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்தப் படிகள் போதாத இடங்கள்

நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவர் சாராயத்தையோ கள்ளச்சாராயமாகிய கசிப்பையோ ஒரே நாளில் தானாக நிறுத்துவது உயிருக்கு ஆபத்தாகலாம். முதல் இரண்டு மூன்று நாட்களில் கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, இல்லாததைப் பார்த்துப் பேசுதல் ஆகியன வரக்கூடும். மன உறுதி அவற்றைத் தடுக்காது. அவர் அரச வைத்தியசாலையின் மேற்பார்வையிலேயே நிறுத்த வேண்டும். அதேபோல், இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமும் பசியும் குலைந்து, உயிரோடு இருப்பதே பாரம் என்று தோன்றுமானால், அதை உள்ளெதிர்ப்பு என்று எண்ணிக் கொப்பியோடு போராட வேண்டாம். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்த நேரத்திலும் அழைக்கலாம். வீட்டில் அடி உதைக்கு ஆளாகிறவருக்கும் முதலில் வேண்டியது பாதுகாப்பான இடம். மற்ற மாற்றங்கள் அதன் பிறகு.

பத்தாம் படி: மூன்று மாதத்தின் பின் கொப்பியைத் திறத்தல்

தொண்ணூறாம் நாளில் முதற் பக்கத்திலிருந்து வாசியுங்கள். வலப்பக்கத்தில் எழுதிய ஒவ்வொரு நன்மையும் இப்போது எந்த வழியில் கிடைக்கிறது என்று அதன் அருகிலேயே எழுதுங்கள். வழி கிடைக்காத வரி எது என்று பாருங்கள், அடுத்த எதிர்ப்பு அங்கிருந்துதான் எழும். விட்டுவைத்த கிளையை இப்போது வெட்டலாமா என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள்.

சின்னம்மா வெட்டவில்லை. காமன் கூத்துக்கு அடுத்த நாளோடு பாக்கை விட்டு இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிறது. வாய் முன்பு போல முழுதாகத் திறக்காவிட்டாலும், இறுக்கம் கூடவில்லை என்று பல் வைத்தியர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துச் சொல்கிறார். ஓய்வு பெற்ற பிறகும் மாலை வேளையில் லயத்து முன் திண்ணையாகிய இஸ்தோப்பில் நான்கைந்து பெண்கள் கூடுகிறார்கள். இடுப்பில் அந்தப் பை இன்னும் இருக்கிறது. அவர் அதை அவிழ்த்து, உள்ளங்கையில் பெருஞ்சீரகத்தைக் கொட்டி, முதலில் பக்கத்தில் இருப்பவருக்கு நீட்டுகிறார்.